ரிப்பேர் கட்சி, புதுசு கட்சி

பட்டறைத் தரையில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டறை என்றால் மாமனார் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. நான் கதவும் ஜன்னலும் செய்கிற இடம். ஒரு வீட்டில் அளவெடுத்துவிட்டு மத்தியானம் வந்து நுழைந்தால், உள்ளே ஒரே சிமென்ட் தூசி. இரண்டு ஆட்கள், பிரித்துப் போட்ட பெரிய அட்டைப்பெட்டி, இரும்புக் காலோடு ஒரு மெஷின். பக்கத்தில் மாமனார், முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மாப்பிள்ளை! செத்த மெஷினைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழணும்? புதுசே வாங்கிட்டேன்!"

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

என் இழைக்கும் மெஷின் போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. மரத்தின் மேல் கையால் பிடித்து ஓட்டுகிற சின்ன மெஷின். கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கியது. இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். நான் படுக்கிற கட்டிலைக்கூட நான்தான் செய்தேன், மரம் மாமனாருடையது.

அன்றைக்கு வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மாமியார் ரிப்பேர் கட்சி. மாமனார் புதுசு கட்சி. மச்சினன் இரண்டு பக்கமும் தலையாட்டினான். என் மனைவி வாயே திறக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. வீட்டோட மாப்பிள்ளையிடம் யோசனையா கேட்பார்கள்? சோறு போதுமா என்று மட்டும் கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். தும்மினால்கூட மூன்று பேர் ஓடி வருகிற வீடு. நல்லவர்கள்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எனக்கு மூச்சு முட்டியது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மோட்டாரில் செம்புக் கம்பிச் சுற்றுதான் கருகியிருக்கிறது, புதிதாகக் கட்டினால் இன்னும் பல வருஷம் ஓடும் என்றார். கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கேதான் நான் பெரிய புத்திசாலி ஆனேன். அது தேறாது, கடையிலேயே போட்டுவிட்டேன் என்று வீட்டில் உதட்டைப் பிதுக்கினேன்.

காரணம், வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். பெரிய கட்டடம், நீண்ட நாள் வேலை, தங்க ஓர் அறை. சொந்த மெஷினோடு வருகிறவனைத்தான் அவர் சேர்ப்பார். கையை வீசிக்கொண்டு வருகிறவன் வாசலோடு சரி. இங்கிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், என்ன குறை வைத்தோம் என்று மாமியார் அழ ஆரம்பித்துவிடுவார். கடையில் கிடந்தால் போகிற வழியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். முதலில் நான் போவது, அப்புறம் மனைவியை அழைத்துக்கொள்வது, எங்களுக்கென்று ஒரு வாடகை வீடு பார்ப்பது.

நாளைக்குக் காலையில் பஸ்.

இதெல்லாம் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி காதோடு சொன்னபோது "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"மில் எனக்குப் பாதி வீடு கட்டியாகிவிட்டது.

சரி, இந்தப் பூதத்தை இங்கேயே முடுக்கட்டும், மச்சினன் ஓட்டிக்கொள்ளட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் மெஷின்தான் கடையில் பத்திரமாக இருக்கிறதே.

மாமனார் என் தோளில் கை போட்டார்.

"எனக்கு எதுக்கு நன்றி? எல்லாம் உங்க வீட்டுக்காரி வேலை. கையில தூக்குற மாதிரி வேண்டவே வேண்டாம், தரையோட முடுக்குற மாதிரிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. மெக்கானிக்கிட்ட போய் உங்க பழசை வாங்கிட்டு வந்து, எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிவிட்டதும் அவதான்!"

வாயைத் திறந்தால் நாளைய பஸ்ஸும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

என் மனைவி ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, மெஷினின் காலைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சுத்து முடுக்குங்கண்ணா" என்றாள்.