இரண்டு மருதன்கள்

ஒரு காட்டில் மருதன் என்ற பெயர் இருவருக்கு இருந்தது. ஒருவன் ஊரறிந்த பாடகனான குயில். மற்றவன் ஓட்டத்தில் பேர்போன கலைமான். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒருவன், அந்தக் கரையில் ஒருவன். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

ஓட்டப் பந்தயத்துக்கு மருதனை அழைக்கப் போன நாரை, ஆள் மாறிக் குயிலிடம் சொல்லிவிட்டது. கச்சேரி என்று நினைத்துக் குயிலும் வந்துவிட்டது.

"கோட்டுல வந்து நில்லுங்க," என்றது நடுவரான யானை.

குயிலுக்கு விஷயம் புரிந்தது. "ஐயா, நீங்க தேடறது அக்கரை மருதனை. காட்டுத்தீயை முந்தி ஓடி, எல்லாரையும் எழுப்பிக் காப்பாத்தினவர். அவர் இல்லாம என்ன பந்தயம்?"

நாரை அக்கரைக்குப் பறந்தது.

"உச்சிவேளைக்குள்ள வரலைன்னா பேரை அடிச்சிடுவேன்," என்றது யானை.

வெயில் ஏறியது. கூட்டம் கலையத் தொடங்கியது. குயில் ஒரு கிளையில் அமர்ந்து பாட ஆரம்பித்தது. போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். பந்தயத்துக்கு நின்ற முயல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

"உச்சி தாண்டிடுச்சே," என்று முணுமுணுத்தது நரி.

"பாட்டு முடியறவரைக்கும் உச்சிவேளைதான்," என்றது யானை, கண்ணைத் திறக்காமலே.

கடைசி அடியைக் குயில் பாடும்போது மான் நுரைதள்ள வந்து சேர்ந்தது. அந்தக் களைப்போடே ஓடி, முயலை மயிரிழையில் முந்தியது.

"மருதன்! மருதன்!" என்று காடே ஆர்ப்பரித்தது.

மான் குயிலின் கிளைக்குக் கீழே வந்து தலைவணங்கியது. "அண்ணே, நம்ம ரெண்டு பேர்ல யாரைக் கூப்பிடறாங்க?"

"தெரியலையே தம்பி. ரெண்டு பேருமே திரும்பிப் பார்ப்போம்."