மூன்றாவது வரி

பேனா நின்றுவிட்டது.

டாக்டர் லியூ முதல் இரண்டு வரிகளை எப்படியோ எழுதிவிட்டார். இந்தியா ஒரு குடியரசு. ராஷ்டிரபதி அதன் தலைவர். எழுத்துகள் அவர் பிடுங்கிப் போடும் பற்கள் மாதிரி கோணல்மாணலாகக் கிடந்தன. இருந்தாலும் எழுத்துகள்தான்.

மூன்றாவதில் மாட்டிக்கொண்டார். 'மந்திரி சபை, மக்கள் சபைக்குப் பொறுப்பானது.' அர்த்தம் தெரியும். ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 'பொறுப்பு' என்பதற்கு எந்த 'ர' என்று யோசித்தார், அவ்வளவுதான். யோசிக்க ஆரம்பித்ததும் 'மந்திரி'யும் மறந்து போயிற்று.

எதிரே தேசிகன். அந்த சர்க்கார் ஆபீஸில் தமிழ் பேசுகிற ஒரே குமாஸ்தா. அதனால் இன்றைக்குத் தமிழ்ப் பரீட்சை வைக்கிறவர்.

பக்கத்து மேஜையில் சிரஸ்தேதார் கோவிந்தப்பா, தேசிகனுக்கு மேலதிகாரி. கன்னடக்காரர். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் பேனா நின்றால் தெரியும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேறாவிட்டால் குடியுரிமை மனு தள்ளுபடி. தங்கும் அனுமதி இந்த மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. அப்புறம் கல்கத்தா, கப்பல், சீனா. அல்சூரில் மனைவி காந்தாவும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் அவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள்.

குடியுரிமைச் சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதில் உள்ள வேடிக்கையைக் கேளுங்கள். இந்தியனைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண் மனு கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். இந்தியப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டானுக்கு அந்த வழி கிடையாது. அவன் அரசியல் சாசனப் பட்டியலில் உள்ள பதினாலு மொழிகளில் ஒன்றில் தேற வேண்டும்.

லியூ அழகாக எழுதுவது இங்கிலீஷ். பட்டியலில் இங்கிலீஷ் இல்லை.

தமிழ் பேச வரும். பதினைந்து வருஷமாக அல்சூர் கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவர், வலித்தவர்களிடம் திட்டு வாங்கியே பாதித் தமிழைக் கற்றுக்கொண்டார். எழுதுவதுதான் வராது. இன்றைக்கு முன்னால் தன் கையால் எழுதிய ஒரே தமிழ் வரி கிளினிக் கதவில் இருக்கிறது. காந்தா தாளில் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்துப் பெயின்டில் எழுதியது. வெயிலில் வெளுக்கும்போதெல்லாம் மறுபடி எழுதுவார்.

“எழுதுங்கோ டாக்டர்,” என்றார் தேசிகன். குரல் வறண்டிருந்தது.

லியூ நிமிர்ந்து பார்த்தார்.

தேசிகனின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

அந்தப் பிடி லியூவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் இருபது பேர் அவருடைய நாற்காலியை அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

பரீட்சை எழுதுவது நான். இவர் எதற்குப் பயப்படுகிறார்?

அப்போதுதான் தேசிகன் முன்னால் இருந்த சீட்டைக் கவனித்தார். அதைப் பார்த்துத்தான் தேசிகன் மூன்று தமிழ் வாக்கியங்களையும் சொல்லியிருந்தார். சீட்டில் இருந்தது கன்னட எழுத்து. பஸ் போர்டுகளில் தினமும் பார்க்கிற எழுத்து.

பக்கத்தில் தமிழ்ப் பத்திரிகை கிடந்தது. அரைமணி முன்பு லியூ அதைப் படித்துக் காட்டியபோது, பயத்தில் ஒரு வரியை முழுசாகத் தாண்டிவிட்டார். உயிரே போயிற்று. தேசிகனோ தலையாட்டிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன் என்று லியூ நினைத்துக்கொண்டார். இப்போது பார்த்தால், படித்து முடித்த இடத்தில் தேசிகன் போட்டிருக்க வேண்டிய சிவப்புக் கோடு ஒரு சோப்பு விளம்பரத்தின் நடுவில் இருந்தது.

இவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

மூன்று தலைமுறையாக மைசூர் ராஜ்ய உத்தியோகம், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அப்படிக் குடும்பங்கள் ஊரில் நிறைய. வேலைக்குச் சேரும்போது தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்று போட்டிருப்பார். யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்திருப்பார். பாவம், இன்றைக்குக் கேட்டுவிட்டார்கள்.

“ஏனாயித்து?” என்னாச்சு என்று கன்னடத்தில் கேட்டபடியே கோவிந்தப்பா எழுந்து வந்தார்.

தேசிகனின் நெற்றியில் வேர்த்துவிட்டது.

பேனா ஓடியாக வேண்டும். லியூ எழுதினார். விறுவிறுவென்று, ஒரு இடத்திலும் நிற்காமல்.

தேசிகன் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடியே தாளை இழுத்துக்கொண்டார். சிவப்புப் பென்சிலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நகர்த்தினார். கோவிந்தப்பா அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்.

முதல் வரி. சரி என்று ஒரு கோடு.

இரண்டாவது வரி. இன்னொரு கோடு.

மூன்றாவது வரியில் பென்சில் நின்றது. முட்டாள்தனம் செய்துவிட்டோம், எல்லாம் போயிற்று என்று லியூ நினைத்தார்.

தேசிகன் கடைசிச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்காத பரீட்சை அதிகாரியை எந்த சிரஸ்தேதார் நம்புவார்?

“ஒரே ஒரு தப்பு. திருத்துங்கோ,” என்றார் சத்தமாக.

தாள் திரும்பி வந்தது.

மூன்றாவது வரியில் மந்திரி சபையும் இல்லை, மக்கள் சபையும் இல்லை. கிளினிக் கதவில் இருப்பதுதான் இருந்தது.

'பயப்பட வேண்டாம். வலிக்காது.'

வட்டம் 'வலிக்காது' மேல் விழுந்திருந்தது. லியூ அதைப் பணிவாக அடித்தார். கீழே அதே எழுத்துகளை, அதே வரிசையில், மறுபடி எழுதி நீட்டினார்.

தேசிகன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையை விட்டார்.

“இப்ப சரி.”