கடைசிப் படிவம்

"அறுநூறு பேரையும் பார்த்தாச்சாம்மா?" அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒருத்தர்தான் சார் பாக்கி. அதையும் இங்கேயே முடிச்சிடுறேன்," என்றாள் கணக்கெடுக்கும் பெண். இரண்டு மாதமாக வீடுவீடாக ஏறி இறங்கிய களைப்பு குரலில் இருந்தது.

"நாம தொழிற்பயிற்சி கொடுத்த மாற்றுத்திறனாளிங்க இத்தனை பேர்ல, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு?"

"இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்ல சார். தையல் கத்துக்கிட்டவங்க வீட்டுல மெஷின் மேல துணி காயுது."

"கிழிஞ்சுது போ! மேலிடத்துக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அனுப்புறது?"

"இந்தக் கடைசி ஆளு வேலையில இருக்காங்க சார். கம்ப்யூட்டர் பயிற்சி எடுத்தவங்க."

"அப்பாடா, வயித்துல பால் வார்த்தீங்க! 'வேலையில் உள்ளார்'னு எழுதிக் கொடுங்க."

"எழுதிட்டேன் சார். ஆனா இன்னைக்கே அனுப்பிடுங்க. நாளைக்குன்னா அது பொய்யாயிடும்."

அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்தார். "ஏன், வேலையை விடப்போறாங்களா?"

"இல்ல சார். கணக்கெடுப்பு இன்னையோட முடியுதே."

தன் பெயர் எழுதிய படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்த்திருந்த ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.