கவிதையில் இருந்த வயது

இலங்கைக்குப் போன பட்டாளத்திலிருந்து உக்கிரபாண்டி 1990இல் சேத்தூருக்குத் திரும்பினான். வந்ததும் ஒரு கவிதை எழுதினான். அந்த ஒன்றோடு சரி. சுதந்திர தினத்தன்று ராஜபாளையத்தில் நடக்கும் கவியரங்கத்தில் வருடா வருடம் அதையே வாசித்தான். அதன் கடைசி அடிகள் இவை:

'அண்ணை, எனக்குப் பதினேழு வயது' என்று அவன் கெஞ்சியது
சுட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது.

மறுவருடம் பதினெட்டு என்று வாசித்தான். நாக்கு பிசகிவிட்டது என்று நினைத்தாள், கூடப் போயிருந்த மனைவி முத்துப்பேச்சி. அதற்கடுத்த வருடம் பத்தொன்பது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். அவன் கையெழுத்துதான், அதே பழைய மை. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. பத்தொன்பது என்றே இருந்தது.

"நீங்களா மாத்துனிய?"

"நான் பேனாவையே தொடல, பேச்சி."

அன்று அவன் சாப்பிடவில்லை. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. செத்த பையனுக்கு வருடம் தவறாமல் வயது ஏறியது.

ஆவணியில் புருஷன் நட்சத்திரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்ச்சனை செய்வது அவள் வழக்கம். 1998இல் இரண்டு தட்டு வாங்கினாள். முதல் தட்டுக்கு உக்கிரபாண்டியே தன் பேரைச் சொன்னான். இரண்டாவதை நீட்டியபோது அர்ச்சகர் கேட்டார்.

"இது யாருக்கும்மா? பேரு, நட்சத்திரம்?"

உக்கிரபாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டும் தெரியாது சாமி," என்றாள் முத்துப்பேச்சி. "வயசு மட்டுந்தான் தெரியும். இருபத்தஞ்சு நடக்கு."