மறுத்த பொன்னாடை

"வோணாம்மா. எடுத்துக்கினு போ!"

அத்தனை பேர் பார்க்க, தன் தோளில் ஹம்சா போடப்போன பொன்னாடையைக் கையால் தள்ளிவிட்டார் ஸ்தனிஸ்லாஸ். குப்பத்து மீனவர்களுக்கு அவர்தான் தலைவர்.

ஹம்சாவுக்கு மேடையிலேயே முகம் செத்துவிட்டது. பின்னே? பாண்டி பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி, அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது.

அவள் வேலை செய்யும் தேனாம்பேட்டை கம்பெனி, குப்பத்துக் கடற்கரையில் பூங்கா கட்டப்போகிறது. படகு ஏற்றுவதும் வலை காயப்போடுவதும் அந்த மணலில்தான்.

"அவங்க இடம் சார். முதல்ல கூப்பிட்டு உட்காரவச்சுக் கேட்கணும்" என்று மேனேஜர் ராகவேந்திரனிடம் மல்லுக்கட்டி, அடையாறில் மண்டபம் பிடித்து, இந்தக் கூட்டத்தையே ஏற்பாடு செய்தவள் அவள். அதற்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

ஸ்தனிஸ்லாஸ் விறுவிறுவென்று இறங்கி வாசலுக்குப் போனார். ஹம்சாவும் விடவில்லை, பின்னாலேயே ஓடினாள்.

"ஏன் சார் இப்படி அவமானப்படுத்தறீங்க? பிடிக்கலைன்னா பேசுங்க. உங்க சம்மதம் இல்லாம ஒரு செங்கல் வைக்க மாட்டோம்."

பக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கிளாடிஸ்தான் நிமிர்ந்தாள்.

"கோச்சிக்காதம்மா. அஞ்சு வருசம் முன்னால வடக்குப் பக்கத்து மணலுக்கு வேற கம்பெனி வந்துச்சு. அப்போ எங்க அண்ணன் தலைவரு. பேசலாம்னு கூப்ட்டு, சால்வை போத்தி, போட்டோ புடிச்சாங்க. 'ஊரே ஒத்துக்கிச்சு'ன்னு அந்த போட்டோவைத்தான் கோர்ட்டுல காட்டுனாங்க. இப்ப அங்க செவுரும் கேட்டும்தான் கீது. அண்ணன்தான் எடத்தை வித்துட்டாருன்னு ஊர் பேசிச்சு. அண்ணன் அந்தக் கவலையிலயே போய்ச் சேந்துட்டாரு."

ஹம்சா கிளாடிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கம்பெனி அப்படி இல்லைம்மா. நான் இருக்கேன்ல?"

ஸ்தனிஸ்லாஸ் ஹம்சா பக்கம் திரும்பினார்.

"நீ நல்ல பொண்ணாத்தான் தெரியறே. பேசணும்னா குப்பத்துக்கு வாங்க. ஞாயித்துக்கெழமை நாங்க கடலுக்குப் போறதில்ல. சர்ச்சுல பூசை முடிஞ்சதும் ஆம்பள, பொம்பள எல்லாரும் மணல்ல குந்திக்கினு பேசுவோம். ஊரு சொல்றதுதான் முடிவு."

போன உயிர் திரும்பி வந்தது ஹம்சாவுக்கு. உள்ளே மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், அவங்க பேசத் தயாரா இருக்காங்க! ஞாயித்துக்கிழமை குப்பத்துக்கே வரச் சொல்றாங்க. போலாமா சார்?"

"எதுக்கும்மா வீண் அலைச்சல்?"

போட்டோகிராபரின் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார் ராகவேந்திரன்.

"அவர் தள்ளிவிடறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி, நீ தோள்ல போர்த்தற மாதிரியே போட்டோ ஒண்ணு பிரமாதமா விழுந்திருக்கு. 'மீனவர் தலைவர் சம்மதம்'னு கீழே போட்டு இன்னிக்கே பேப்பருக்கு அனுப்பிடு."