கரித்துண்டு வீட்டு விருந்தாளிகள்

டார்ச் விளக்கின் பேட்டரிக்குள் ஒரு கரித்துண்டு குடியிருந்தது. உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டை என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். அறை என்றுதான் சொல்லவேண்டும்.

முதன்முதலாகச் சார்ஜ் ஏறியதும் பேட்டரியின் மறுமுனையில் இருந்த எதிர்வீட்டிலிருந்து லித்தியம் அணுக்கள் கூட்டமாகத் திபுதிபுவென்று வந்து அறைகளை நிரப்ப, கரிக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே யாரோ டார்ச்சின் பொத்தானை அமுக்கினார்கள். "போயிட்டு வர்றோம்" என்று லித்தியங்கள் எழுந்தன.

"இப்பத்தானே வந்தீங்க! விடமாட்டேன்!" கரி எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டது.

டார்ச் எரியவில்லை. "செத்த பேட்டரி, குப்பையில போடு" என்றது வெளியே ஒரு குரல்.

"ஐயோ, நாங்க எதிர்வீட்டுக்கு ஓடினாத்தான் விளக்கு எரியும்! மறுபடி சார்ஜ் ஏத்தினா திரும்பி வந்துடுவோம்!" என்று லித்தியங்கள் கத்தின.

கரி பதறிப்போய்க் கதவுகளைத் திறந்தது. அவை ஓடின, விளக்கு பளீரென்று எரிந்தது.

"போயிட்டு வாங்க!" என்று கூவிய கரி, காலியான அறைகளை அப்போதே பெருக்க ஆரம்பித்தது.