தலையில் துண்டு

வெயில் ஏறும் முன்பே கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான் சேரன்.

நஷ்டம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் லாபம்.

ஆனால் தலையில் துண்டு போட்டவனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்பது ஊருக்கே தெரியும். டீக்கடை மாரியப்பன் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்காமலேயே டீயில் சர்க்கரையைக் கூடப் போட்டான். அனுதாபம்.

பக்கத்தில் அவன் மனைவி வெண்ணிலா. கழுத்தில் அடையாள அட்டை. கண் கம்பெனி பஸ் வரும் திசையில். திண்டிவனம் பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். பல மாதத்துக்குப் பிறகு இன்றிலிருந்துதான் முழு வாரமும் வேலை.

அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது. அங்கே ஷூ மேல் வரி போட்டார்கள். இங்கே வெண்ணிலாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை போனது.

சம்பளம் பாதியானதும் ஞாயிற்றுக்கிழமைக் கோழி, முட்டை ஆனது. பிறகு முட்டை இல்லாத முட்டைக் குழம்பு ஆனது. உயிரினங்களின் வளர்ச்சி பின்னோக்கிப் போவதைச் சேரன் தன் தட்டிலேயே பார்த்தான்.

மகள் ரோஜாவின் ஸ்கூல் வேன் நின்றது. பிள்ளை நடந்தாள். அவன் வைத்திருக்கும் செல்போன் கடையில் பஸ் ஏறும் பெண்கள் ரீசார்ஜ் செய்வதை விட்டுவிட்டு, மிஸ்டு கால் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். விழுப்புரத்தில் அவன் சரக்கெடுக்கும் மொத்தக் கடைக்காரர், ஆளையே காணோமே, உடம்புக்கு என்ன என்று போன் செய்து விசாரித்தார்.

இருக்கிற பாதி வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் வெண்ணிலா தூக்கத்தில் காலால் அழுத்தி அழுத்தி மிதித்தாள். மெஷின் பெடல்.

கம்பெனியில் ஆள் எடுப்பதும் ஆளை அனுப்புவதும் ஹெச்.ஆர். இருதயராஜ் கையில். அவர் மட்டும் அசரவே இல்லை. வாராவாரம் லைனுக்கு நடுவே வந்து நின்று, நெற்றியில் விழும் சுருள் முடியை ஒதுக்கிக்கொண்டே, கம்பெனி கல்லு மாதிரி இருக்கிறது, யாரும் பயப்படாதீர்கள் என்பார். வெண்ணிலா அதை அப்படியே வீட்டில் வந்து சொல்வாள். சேரன் அதை நம்பித்தான் தூங்கினான்.

வெண்ணிலா அதோடு நிற்கவில்லை. மயிலம் மலையேறி, அமெரிக்கா பேருக்கு ஓர் அர்ச்சனை வைத்தாள். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். கம்பெனி அட்டைப் பெட்டியில் அந்த நாட்டுக் கொடி அச்சடித்திருக்கும்.

"அம்பது இருக்குது சாமி. பொட்டியில எண்ணிப் பாத்துட்டேன்."

குருக்கள் கொஞ்சம் யோசித்து, சாமி பேருக்கே செய்துவிட்டார்.

அப்போதே ஒரு வேண்டுதலும் வைத்தாள். வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் வரி இறங்கியது, ஆர்டர் திரும்பியது, எல்லாரும் முழு வாரம் வரலாம் என்று போனில் சேதி வந்தது. அழுதாள். சிரித்தாள். பிறகு மெதுவாகச் சேரனின் தலையைப் பார்த்தாள்.

அண்ணன் தம்பிகளில் முடியோடு மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். பின் பாக்கெட்டில் சீப்பு இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டான். உன் முடியை வேண்டிக்கொள்வதுதானே என்று நியாயமாகத்தான் கேட்டான்.

"எம் முடி போச்சுன்னா லைன்ல ஆளாளுக்கு இன்னா ஏதுன்னு கேப்பாங்க. உங்க முடிய யாருங்க கேக்கப் போறா?"

நேற்று மயிலத்தில் இறக்கியாயிற்று. அதற்குத்தான் துண்டு.

பஸ் வரும் நேரம். மனைவிமாரை இறக்கிவிடும் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. முதலில் பிரபாவதியின் புருஷன் திருமுருகன். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

மொட்டை.

அவன் சேரனின் துண்டைப் பார்த்தான். சேரன் துண்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

"மேல்மலையனூரு" என்றான் திருமுருகன், போலீஸ் ஸ்டேஷனில் பேர் சொல்வது போல.

அடுத்து மலர்விழியின் புருஷன். திருவக்கரை. அதற்கடுத்து வேணியின் மாமனார். அவருக்குத் தலையில் கொடுக்க ஒன்றும் இல்லாததால் மருமகள் மீசையை வேண்டிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டிபன் பையைச் சரிசெய்துகொண்டார்கள். ஜங்ஷன் முழுக்கச் சந்தன வாசனை. மாரியப்பன் சர்க்கரை டப்பாவை மூடினான்.

கம்பெனி பஸ் வந்தது. முதல் நாள் என்பதால் இருதயராஜே படியில் நின்று வந்தார். தலையில் கம்பெனித் தொப்பி. ஜல்தி ஏறுங்கம்மா, லைன் காத்துக்கினு இருக்குது என்று அவசரப்படுத்தினார். பெண்கள் ஏறினார்கள். கடைசியாக வெண்ணிலா.

அப்புறம்தான் அவர் கீழே வரிசையாக நின்ற தலைகளைப் பார்த்தார்.

பஸ் நகரும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சுருள் முடி இருந்த இடத்தில் சந்தனம் பளபளத்தது.

"வேளாங்கண்ணி."

பஸ் போய்விட்டது.

சேரனுக்கு அப்போதுதான் புரிந்தது. கல்லு மாதிரி கம்பெனிக்கு மூடுவிழா அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டான். தலையில் காற்று பட்டது. நன்றாகத்தான் இருந்தது.

"இன்னொரு டீ போடுண்ணா. சர்க்கரை எப்பவும் போல."